ஸ்ரீராம்புரம் சின்னப்பா நீர் காத்த படலம்

வாழ்க சின்னப்பா! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்து, வைகறைதோறும் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் வலம் வந்த நீர்க்காவலன் வாழ்க! ஆறாவது குறுக்குத் தெருவுக்கு அரை மணி, ஏழாவதற்கு முக்கால் மணி என்று அளந்து திறந்துவிட்ட அறத்தோன் வாழ்க! கவுன்சிலர் வீட்டுக் கல்யாணமே ஆனாலும் முறை தவறி ஒரு சுற்றும் திருப்பாத திண்தோளன், பிளாஸ்டிக் குடம் ஏந்திய மங்கையர் நானூறு பேர் ஒருங்கே நின்று திட்டினும் இமை கொட்டாத கலங்கா நெஞ்சினன், வாட்டர் போர்டு வால்வுமேன்களுள் வல்லவன், காந்தாவின் கணவன், அறுபத்தாறு அகவை நிறைந்த அண்ணல் சின்னப்பா வாழ்க, வாழ்க!

காவிரித் தாயே, நீயே துணை. குடகு மலையில் பிறந்து, நெடுந்தொலைவு இரும்புக் குழாய்க்குள் குனிந்து நடந்து, இடத்துக்கு இடம் பம்பு பிடித்துத் தள்ள மூச்சிரைத்து மேடேறி, இப்பெங்களூர் மாநகரின் குடங்களில் வந்து விழும் நன்னீரே! நின்னை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டவனும் அவனே. நின்னில் அரை லிட்டரை வயிற்றில் வாங்கி, ஒன்றே முக்கால் மணி நேரம் வெளியே விடாமல் காத்தவனும் அவனே. அந்த அரை லிட்டரின் வரலாற்றைப் பாட எமக்கு வலிமை தா. பாடி முடிக்கும்வரை எமக்கும் எழுந்து போகும் அவசரம் நேராமல் பார்த்துக்கொள்.

பகைவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பீராயின், அவன் வடக்கிலிருந்து படை திரட்டியும் வரவில்லை, கடல் தாண்டிக் கப்பலிலும் வரவில்லை. நம் தலைவனின் அடிவயிற்றுக்குள்ளேயே, நெல்லிக்காய் அளவில், வாடகைக்கு இருக்கும் நல்ல மனிதரைப்போல் இத்தனை ஆண்டும் சத்தம் காட்டாமல் ஒடுங்கிக் கிடந்த புராஸ்டேட் என்னும் சுரப்பியில் புற்று என்னும் பகை கொடி நாட்டியது. ரத்தம் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள், குகை போன்ற எந்திரத்துள் கிடத்திப் படம் எடுத்தார்கள். எடுத்த அனைத்தையும் நோக்கிய பெரிய டாக்டர், பகை இன்னும் கோட்டைச் சுவரைத் தாண்டவில்லை, ஹார்மோன் ஊசியும் இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சும் கொடுத்தால் அடக்கிவிடலாம் என்று திருவாய் மலர்ந்தருளினார். நம் தலைவன் அன்றிரவு உண்ணவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆயினும் விதியின் குறும்பு அதன் பிறகு பிறந்த ஆணையில்தான் இருந்தது. புராஸ்டேட்டின் தலைமாட்டில் சிறுநீர்ப்பை, முதுகுப்புறம் மலக்குடல். பை நிறைந்திருந்தால் அது உப்பி மேலெழுந்து கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். குடல் காலியாக இருந்தால் சுரப்பி அசையாமல் குறிக்குள் நிற்கும். ஆகவே நோயாளியானவன் முன்னதாக மலம் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரைப் பருகி, முக்கால் மணி நேரம் ஒரு சொட்டும் சிந்தாமல் காத்திருந்து, நிறைகுடமாக எந்திரத்தின்முன் படுத்தல் வேண்டும். அதிலும் கொடுமை யாதெனில், நாள் செல்லச் செல்லக் கதிரின் சூடு அந்தப் பையையே எரிச்சலூட்டி, பத்து நாளைக்குப் பிறகு அரைக் குவளைக்கே அலறவைத்துவிடும். ஊருக்கெல்லாம் நீர் திறந்தவனை அழைத்து, உன் நீரை நீயே மூடி வை என்றது உலகம்.

ஆணை பிறந்ததும் அரியணை ஏறினாள் காந்தா. அதுகாறும் அவ்வீட்டில் கணவன் சொல் பாதி, காந்தா சொல் பாதி என்று நடந்த ஆட்சி அன்றோடு முடிந்தது. ஒயிட்ஃபீல்டுப் பக்கம் ஒரு கண்ணாடி மாளிகை அலுவலகத்தில் தரை துடைத்து, மேசை துடைத்து, படித்தவர்கள் சிந்திய காப்பியையெல்லாம் துடைத்துத் தேர்ந்த அந்தக் கை, தன் வீட்டையும் ஒரே நாளில் துடைத்தெடுத்தது. பையை எரிக்கும் காப்பி நாடு கடத்தப்பட்டது. அதன் தம்பியாகிய டீயும் உடன் சென்றது. நாற்பதாண்டுத் தோழமை பூண்ட பீடிக்கட்டு, கண்ணெதிரே சாக்கடையில் எறியப்பட்டது. ஹார்மோன் ஊசியால் எலும்பு தேயாமலிருக்கக் கேழ்வரகுக் களியும், தசை கரையாமலிருக்கக் காலையும் மாலையும் மைதானத்தை மும்மூன்று சுற்றும், வாயுவைக் கிளப்பும் பருப்பு பயறுகளுக்குத் தடையும் சட்டமாயின. நம் தலைவன் எதிர்த்து ஒரு சொல் சொன்னான். காந்தா திரும்பிப் பார்த்தாள். அவன் களியை விழுங்கினான்.

படைப்பயிற்சியும் தொடங்கிற்று. இடுப்பின் அடித்தளத்தில் நீரைப் பிடித்து நிறுத்தும் தசை ஒன்று உண்டு. அதைப் பத்து எண்ணும்வரை இறுக்கி, பத்து எண்ணும்வரை தளர்த்தி, நாளுக்கு முப்பது முறை பழக்கினால் மதகு உறுதிப்படும் என்று மருத்துவமனையில் தாள் கொடுத்திருந்தார்கள். மாலைதோறும் சீரியல் ஓடும் வேளையில் தலைவன் நாற்காலியில் நிமிர்ந்து அமர, காந்தா எதிரே நின்று "புடி... புடி... புடி... வுடு!" என்று போர்முரசு போல முழங்குவாள். இம்முழக்கம் ஒரு வாரம் தொடர்ந்து கேட்டபின், பக்கத்து வீட்டு ஜாய்சன் தடியோடு வாசலில் வந்து நின்று, "எந்தப் பக்கம் ஓடுச்சு ஆன்ட்டி? பெருச்சாளியா?" என்று வினவினான். பெருச்சாளி தப்பித்துவிட்டது என்று காந்தா சொல்லி அனுப்பினாள்.

அந்த ஹார்மோன் ஊசியின் லீலையை என்னென்பது! மார்கழிக் குளிரில் பெங்களூர் முழுதும் ஸ்வெட்டருக்குள்ளும் குரங்குக் குல்லாவுக்குள்ளும் பதுங்கியிருக்க, நம் தலைவனுக்கு மட்டும் திடீரென நெஞ்சில் ஓர் அடுப்பு மூண்டு, கழுத்தேறி, காது மடல் சிவந்து, உச்சந்தலையில் வியர்வை ஊற்றெடுக்கும். சட்டையைக் கழற்றி எறிந்து, ஃபேனை ஐந்தில் வைத்து, "எரியுதுடீ!" என்று அவன் அரற்றிய முதல் நாளில், காந்தா இடுப்பில் கை வைத்து எதிரே வந்து நின்றாள்.

"அம்பது வயசுல எனக்கு இதே மாரி வந்துச்சே, நெனவு இருக்காய்யா? நடிக்கிறேன்னு சொல்லி ஃபேனை நிறுத்திட்டுப் போர்த்திக்கினு படுத்தியே?"

அண்ணல் எழுந்துபோய், ஐந்தில் ஓடிய ஃபேனைத் தானே மூன்றுக்குக் குறைத்தான். அவள் சிரித்தாள்; சிரித்துவிட்டு ஈரத்துணி நனைத்துவந்து அவன் பிடரியில் வைத்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றில் மட்டும் வீரன் விட்டுக்கொடுக்கவில்லை. கதிர்வீச்சுக் கூடத்தில் பணிபுரியும் ஸ்னேஹா என்னும் இளநங்கை, நாலாம் வாரம் அவசரம் கூடும், வெளியே வரும்போது உள்ளே ஈரம் உறிஞ்சும் பேடு வைத்துக்கொண்டால் நிம்மதி என்று நல்லெண்ணத்தோடு சொன்னபோது, அண்ணல் எழுந்து நின்று கூடம் அதிர முழங்கினான்:

"முப்பத்திநாலு வருஷம் சர்வீஸும்மா. என் ஏரியாவுல ஒரு பைப்பு லீக் ஆவ வுட்டதில்ல. எனக்கா பேடு?"

ஸ்னேஹா அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள். காந்தா மடியிலிருந்த துணிப்பையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இனிக் களம் காண்மின். மருத்துவமனையின் நிலவறைக்குக் கீழே இன்னொரு நிலவறை. பதினோரு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி, ஒரு தண்ணீர் கேன். இடப்புறம் ஒரு முழத் தடிமனுள்ள இரும்புக் கதவு; அதற்கப்பால் கதிர் உமிழும் பேரெந்திரம். வலப்புறம் வெளிர்நீலத் தகரக் கதவு. அதற்கப்பால் அத்தளத்துக்கே உரிய ஒரே ஒரு கழிப்பறை. இரண்டு கதவுகளுக்கும் இடைப்பட்ட பதினெட்டடிதான் போர்க்களம். நிறைந்த பையோடு இடக்கதவை அடைபவன் வென்றவன். தாங்கமாட்டாமல் வலக்கதவை அடைபவன் வீழ்ந்தவன்.

நம் தலைவனும் இருமுறை வீழ்ந்தவனே, மறைக்க மாட்டோம். பதின்மூன்றாம் நாள். அவரைக்காய்ப் பருவம், தெருவெல்லாம் அதன் மணம். காந்தா கண்ணயர்ந்த வேளையில் மூலைக்கடைக்குச் சென்று அவரைக்கொட்டை உப்புமா இரண்டு தட்டு உண்டு வந்தான். மறுநாள் படம் எடுத்த ஸ்னேஹா திரையைப் பார்த்து, குடலில் பலூன் போல வாயு நிற்கிறது, சுரப்பி இடம் மாறிவிட்டது என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள் காந்தா. ஒன்றுமில்லையே என்றான் அவன். அப்போது அவன் வயிறே ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. அன்றைய கதிர்வீச்சு நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், காத்திருக்க இயலாமல் திருட்டுத்தனமாக வலக்கதவுக்குள் புகுந்து மீண்டு, அவசரமாக மறுபடி நீர் குடித்துப் படுத்தான். டேங்கில் பாதிகூட இல்லை என்று திரை காட்டிக்கொடுத்தது, அன்றும் நடக்கவில்லை.

இன்று இருபத்தெட்டாவது. இதுவே கடைசி. ஆயின் இன்று வெள்ளி. நாளை சனி, மறுநாள் ஞாயிறு, திங்கள் சங்கராந்தி. இன்று தவறினால் செவ்வாய்தான். இரண்டு நாள் ஏற்கெனவே நழுவிவிட்டன, இன்னும் இழுக்கக்கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தலைவன் நெஞ்சை அறுத்தது அதுவன்று. இவனோடு வருவதற்காகக் காந்தா ஆறு வாரமாகக் காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு, இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பி, நாலரைக்கு எழுந்து களி கிண்டி, இவனைத் தனியே விட்டால் வியர்வை பொங்கும்போது தலைசுற்றி எங்காவது விழுந்துவிடுவான் என்று இரண்டு பஸ் மாறி உடன் வந்துகொண்டிருந்தாள். செவ்வாயிலிருந்து காலை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளை வைப்பேன் என்று அவள் சூப்பர்வைசர் மஞ்சுநாத் நேற்று கடைசியாகச் சொல்லிவிட்டான். இன்றோடு இதை முடித்தே தீருவது, காந்தாவை இன்னொரு நாள் இந்த நாற்காலியில் உட்காரவைப்பதில்லை என்று அதிகாலையில் பல் தேய்க்கும்போதே தலைவன் சூளுரைத்திருந்தான்.

எதிரே அமர்ந்திருந்தான் இணையான வீரன் வைத்தீஸ்வரன். மல்லேஸ்வரத்துப் பெருங்குடி, எழுபத்தொரு பிராயம், மாநில நீர்ப்பாசனத் துறையில் நிர்வாகப் பொறியாளனாக இருந்து, அணைகளைக் கட்டியும் காத்தும் ஓய்வுபெற்றவன். அவனுக்கும் அதே சுரப்பி, அதே பகை, இன்னும் நான்கு நாள் பாக்கி. அளவுக்கோடு போட்ட பாட்டிலில் சரியாக ஐந்நூறு மில்லி ஊற்றி, கண்மட்டத்தில் தூக்கிச் சரிபார்த்து, செல்போனில் மணி வைத்துப் பருகுவது அவன் மரபு. நம் தலைவனோ சொம்பைத் தூக்கி அண்ணாந்து, தொண்டை நகரும் எண்ணிக்கையிலேயே அளவை அறிபவன். ஒருவன் அணை, ஒருவன் வால்வு. ஆறு வாரமாக இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு கண்காணித்து வந்தார்கள்.

ஒன்பதரைக்கு வைத்தீஸ்வரன் பருகினான். ஒன்பதே முக்காலுக்குச் சின்னப்பா பருகினான். பத்தே காலுக்கு அவன் முறை, பத்தரைக்கு இவன் முறை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு, இரும்புக் கதவுக்குள்ளிருந்து கீக் கீக் என்றொரு ஓசை எழுந்தது. பிறகு எந்திரம் மூச்சை நிறுத்திக்கொண்டது.

ஸ்னேஹா வெளிப்பட்டுக் களத்தின் நடுவே நின்றாள். "மெஷின் ஹேங் ஆயிடுச்சு. இஞ்சினியர் வந்துட்டிருக்காரு. ஒந்து கண்டே, ஒரு மணி நேரம் ஆவலாம். யாருக்காவது முடியலைன்னா பாத்ரூம் போயிடுங்க, ப்ராப்ளம் இல்ல. ஆனா போனவங்க லைன்ல கடைசி. இன்னிக்கு ஒரு மணிக்கு குளோஸ், அதுக்குள்ள கடைசி ஆளு வர்றது கஷ்டம்."

அந்தோ, என்ன அறிவிப்பு! நாற்காலிகளில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒருவர் எழுந்தார், வலக்கதவுக்குள் சென்றார். அவர் முகத்தில் வெட்கமும் விடுதலையும் கலந்திருந்தன. இன்னொருவர் எழுந்தார். பத்தரை மணிக்கெல்லாம் ஐவர் வீழ்ந்தனர், நின்றவர் இருவர். அணையும் வால்வும் நேருக்கு நேர் நோக்கின.

"மிஸ்டர் சின்னப்பா," என்றான் வைத்தீஸ்வரன், குரலைச் சற்றும் அசைக்காமல், ஏனெனில் அசைத்தால் ஆபத்து. "ரிசர்வாயர் கெபாசிட்டின்னு ஒண்ணு இருக்கு பாருங்கோ. ஃபுல் ஆயிடுத்துன்னா கேட்டைத் தொறந்துதான் ஆகணும். இதுல வெக்கம் ஒண்ணுமில்லே."

"சார், அது டேமு. மழை வந்தா தொறக்கணும்," என்றான் சின்னப்பா. "நாம வால்வு. ஆர்டர் வந்தாதான் தொறப்போம்."

பத்தே முக்கால். முதல் அலை வந்தது. அடிவயிற்றின் ஆழத்தில் கதிர்ச்சூட்டால் புண்பட்டிருந்த பை, பட்டறைத் துருத்திபோல் ஒருமுறை சுருங்கி, விடு விடு என்று கதறியது. சாதாரண மனிதனாயின் பதறி எழுந்து ஓடியிருப்பான். ஓட்டமே கதவைத் திறந்துவிடும். நம் தலைவன் ஓடவில்லை. வால்வுத் தொழிலின் முதல் பாடம் அவனுக்குத் தெரியும்: பாய்ந்து வரும் நீரை ஒரேயடியாக மூடாதே; மூடினால் அது திரும்பி அடித்துக் குழாயைப் பிளக்கும். கால் சுற்று மூடு, நில். இன்னும் கால் சுற்று, நில். அவன் அசையாமல் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, காந்தாவின் முழக்கத்தை நெஞ்சுக்குள் கேட்டபடி கால் சுற்றாக மூடினான். அலை தலை குனிந்து திரும்பியது.

விதி சும்மா இருக்குமா? தொலைக்காட்சியில் அக்கணமே சுற்றுலா விளம்பரம் தோன்றி, ஜோக் அருவி நான்கு தாரையாக, திரை நிறைய, விடாமல் கொட்டிற்று. தண்ணீர் கேனின் குழாயோ சரியாக மூடப்படாமல் சொட்டு, சொட்டு, சொட்டு என்று தொழில் தெரியாதவன் வேலையைப் பறைசாற்றியது. மற்ற நாளாயின் தலைவன் எழுந்துபோய் அதைத் திருகியிருப்பான். இன்று எழுந்தால் இழப்பு. தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கசிவைக் கண்டும் காணாததுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்குள் அவன் தன் பழைய ஏரியாவில் நடந்தான். ரேஷன் கடைக்கு எதிரே ஒரு வால்வு. அது எட்டுச் சுற்று. மாரியம்மன் கோயில் முனையில் ஒன்று; துருப்பிடித்தது, பதினோரு சுற்று, கடைசிச் சுற்றில் முட்டியால் அழுத்த வேண்டும். மார்க்கெட் சந்தில் மூன்று. ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டே போனான். பதினோரு மணிக்கு இரண்டாம் அலை வந்தபோது இருபத்தாறாவது வால்வில் இருந்தான். மூன்றாம் அலை வந்தபோது வால்வுகள் தீர்ந்துவிட்டன.

கண்ணைத் திறந்தான். அருகே காந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, வாய் சற்றே திறந்து, தலை ஒருபக்கம் சரிந்து, சரியும்போதெல்லாம் தானே திடுக்கிட்டு நிமிர்ந்து மீண்டும் சரிந்து தூங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். ஆறு வாரத்துக்கு முன்பு அது இல்லை. இவளை இப்படி ஆக்கிவிட்டேனே என்று அவன் நினைத்தான். ஊசி போட்டதிலிருந்து அழுகையும் சட்டென்று வந்துவிடுகிறது. அழுதால் குலுங்கும், குலுங்கினால் எல்லாம் போகும். ஆகவே கண்ணீரையும் சேர்த்து மூடினான்.

பதினொன்றேகால். உம் என்று எந்திரம் உயிர்த்தது. இரும்புக் கதவு திறந்தது. "வைத்தீஸ்வரன் சார், உள்ள வாங்க!" என்று ஸ்னேஹா அழைத்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்த அப்பெரும் பொறியாளன், நிமிர்ந்த தலையோடு நாற்காலிக் கைகளைப் பற்றி எழுந்தான். எழுந்ததே பிழை. அமர்ந்தவன் வயிற்றில் அடங்கியிருந்த அணை, நின்றவன் வயிற்றில் முழு உயரத்துக்கு எழும்பிற்று. அவன் முகம் வெளுத்தது. இடக்கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். உடல் தானாக வலப்புறம் திரும்பிக்கொண்டது. "நீங்க போங்கோ மிஸ்டர் சின்னப்பா!" என்ற ஒரே முழக்கத்தோடு தகரக் கதவுக்குள் மறைந்து தாழிட்டான் வைத்தீஸ்வரன்.

களத்தில் ஒருவனே நின்றான். இல்லை, இன்னும் நிற்கவில்லை. எப்படி நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு முன்புறம் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, கால் சுற்றுக் கால் சுற்றாக எழுந்து, சுமை ஏற்றிய கைவண்டி மேடேறும் வேகத்தில் பதினெட்டடியின் பாதியைக் கடந்து, இரும்புக் கதவுக்குள் நுழைந்தான் சின்னப்பா.

பலிபீடம் போன்ற குறுகிய மேசையில் அவனைக் கிடத்தினார்கள். அடிவயிற்றில் முன்பே அடையாளத்துக்குக் குத்திய மூன்று புள்ளிகளைப் பச்சை ஒளிக்கோட்டுக்கு நேராக்க, இப்படி ஒரு விரல், அப்படி அரை விரல் என்று விரிப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்பும் ஒரு நிலநடுக்கம். எந்திரம் ஒருமுறை சுற்றிப் படம் எடுத்தது. ஒலிபெருக்கியில் ஸ்னேஹாவின் குரல் அசரீரியாய் எழுந்தது: "ஃபுல் டேங்க் அங்கிள்! இருபத்தெட்டு நாள்ல இதான் பெஸ்ட். அசையாதீங்க, ஸ்டார்ட் பண்றேன்."

அப்போதுதான் மூண்டது நெஞ்சில் அடுப்பு. எந்த நாளில் வந்தாலும் பொறுத்திருப்பான், இந்த நிமிடத்திலா வரவேண்டும்! தீ கழுத்தேறியது, காதேறியது, உச்சியில் ஊற்றெடுத்த வியர்வை நெற்றி வழியே இறங்கிக் கண்ணுக்குள் புகுந்து கரித்தது. துடைக்கக் கை எழக்கூடாது. மேலே பொங்குகிறது, கீழே முட்டுகிறது, நடுவில் கதிர் பாய்கிறது. மூன்று பகைக்கும் நடுவே அசையாக் கல்லாய்க் கிடந்தான் நம் தலைவன். எந்திரம் ஒருமுறை சுற்றியது. மறுமுறை சுற்றியது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் காந்தா தன் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவதை அவன் மனத்துக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தான். மூன்றாம் சுற்று முடிந்தது; உம் என்ற ஓசை அடங்கியது; விளக்குகள் எரிந்தன.

வென்றான் சின்னப்பா! இருபத்தெட்டும் முடித்தான்! ஊதுக சங்கம், முழங்குக முரசம், திறக்குக ஸ்ரீராம்புரத்துக் குழாய்கள் அனைத்தும்! ஸ்னேஹா கை தட்டினாள்; இரும்புக் கதவுக்கு வெளியே, தூக்கம் கலைந்து எழுந்து நின்ற காந்தா, முடிஞ்சுதா என்று கண்ணால் கேட்டாள்; முடிஞ்சுது என்று அவனும் கண்ணால் சொன்னான், வாயால் சொல்லும் நிலையில் அவன் இல்லாததால். மாலை சூட்டிக்கொள்ள நேரமில்லை. ஆணை நிறைவேறிற்று, இனி வால்வைத் திறக்கலாம் என்னும் செய்தி மூளையிலிருந்து புறப்பட்டு முதுகுத்தண்டு வழியே அதிவேகத்தில் இறங்கிக்கொண்டிருக்க, அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பதினெட்டடியையும் ஒருசேரக் கடந்து வெளிர்நீலக் கதவின் கைப்பிடியைப் பற்றித் திருகினான் அண்ணல்.

கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து வைத்தீஸ்வரனின் குரல் மட்டும் வந்தது:

"ரெண்டே நிமிஷம், மிஸ்டர் சின்னப்பா. வரப்படாத நேரத்துல நிக்கமாட்டேங்கறது, வரவேண்டிய நேரத்துல சொட்டுச் சொட்டா வர்றது!"

மேல்தளத்தில் இன்னொரு கழிப்பறை உண்டு. ஆனால் லிஃப்டுக்கு நாற்பதடி. ஊரில் எத்தனையோ கதவுகள் உண்டு. இக்கணத்தில் ஒன்றும் இல்லை. கவுன்சிலருக்கு அசையாதவன், நானூறு குடங்களுக்கு அஞ்சாதவன், அருவிக்கும் அடுப்புக்கும் கதிருக்கும் மூன்று அலைகளுக்கும் தலைவணங்காதவன், தகரக் கதவில் நெற்றியைச் சாய்த்து, கால் சுற்று, இன்னும் கால் சுற்று, இன்னும் அரைக்கால் சுற்று என்று தன் வாழ்நாள் வித்தை முழுவதையும் கூட்டி நின்றான். கூட்டிய வித்தை தீர்ந்தது. காவிரி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டாள். வெதுவெதுப்பாய், அவசரமின்றி, இடக்கால் வழியே செருப்புவரை இறங்கினாள். கூடத்தில் இருந்த ஐவரும் ஒரே சமயத்தில் தொலைக்காட்சியை உற்றுநோக்கத் தொடங்கினார்கள். வீரன் திரும்பாமல், கதவில் முகம் புதைத்தபடியே, இந்த உலகத்தில் இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று அறியாமல் நின்றான்.

காந்தா, முதல் நாளிலிருந்து தினமும் மடித்துத் தன் துணிப்பையில் எடுத்து வந்த வேறொரு பேண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.